துபாயா, ஜெர்மனியா, இங்கிலாந்தா: சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம்

அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். நான் லீவுக்குப் பாலக்காடு எல்லையிலுள்ள எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங் மாமா, துபாய், ஜெர்மனி, யூ.கே. மூணுல எதுக்குப் போறது?" கேள்வி ஒரு வரிதான், பதில் ரெண்டு நாள் பேச்சாகிவிட்டது. வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் பக்கமிருந்து இதே கேள்வியை வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள் என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஷார்ஜாவில் ஆறு வருடம் இருந்தவன். இப்போது ஜெர்மனியில் இது ஏழாவது வருடம், மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. தம்பியும் அவன் மனைவியும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவள் நர்ஸ். ஆக முதல் ரெண்டு நாடும் நான் பட்டது, மூன்றாவது அவர்கள் சொல்லிக் கேட்டது. படிக்கும்போது இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சம்பளத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். திர்ஹாம், யூரோ, பவுண்டு மூன்றையும் ரூபாயாக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அக்கா மகள் தாளும் அப்படித்தான் இருந்தது. நான் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு ரெண்டு கேள்வி எழுதினேன். அந்த நாட்டில் நீ தங்கலாம் என்று சொல்கிற காகிதம் யார் கையில் இருக்கிறது? உடம்புக்கு முடியாமல் போனால் காட்டுகிற அட்டை யார் தயவில் வருகிறது? இது தெரியாமல் மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடவே முடியாது.

எல்லையில் பிறந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. பேசுவது தமிழ், படித்தது தமிழ் மீடியம், ரேஷன் கார்டு மட்டும் கேரளம். காய்ச்சல் முற்றினால் ஓடுவது கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோதான், ஆனால் அங்கே போய்த் தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டை கேட்க முடியாது. நாலு மைல் கிழக்கே வீடு இருந்திருந்தால் கிடைத்திருக்கும். 2020 ஊரடங்கில் சோதனைச்சாவடியில் பாஸ் இல்லாமல் திரும்பி வந்தவர்களிடம் கேளுங்கள், முகவரி என்றால் என்ன என்று சொல்வார்கள். வெளிநாடு என்பது இதே விஷயம்தான், மொழியும் புரியாது என்பது மட்டும் கூடுதல்.

முதலில் வளைகுடா, அதாவது துபாய், ஷார்ஜா எல்லாம் சேர்ந்த ஐக்கிய அரபு எமிரேட்டுகள். காகித வேலை என்று பார்த்தால் மூன்றில் எளிது இதுதான். கம்பெனியில் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கிற பி.ஆர்.ஓ. ஓடுவார்; நாம் ரத்தம் கொடுத்து, மார்பு எக்ஸ்ரே எடுத்து, கைரேகை வைத்தால் எமிரேட்ஸ் ஐடி வந்துவிடும். என் காலத்தில் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், 2022 முதல் அந்த அட்டையே இருப்பு ஆவணம். விண்ணப்பம் எதுவானாலும் டைப்பிங் சென்டர்: நம்ம ஊர் அட்சயா மையத்துக்கு, அதாவது கேரள அரசின் இ-சேவை மையத்துக்கு, ஏசி போட்ட மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் ஒரு மலையாளி உட்கார்ந்திருப்பார், பெயரைப் பார்த்துவிட்டு "பாலக்காடா?" என்பார். நர்ஸ் என்றால் டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்பும், துபாய்க்கு அந்த ஊர் சுகாதார ஆணையம் நடத்துகிற டி.எச்.ஏ. தேர்வும் உண்டு. புது மொழி படிக்க வேண்டாம். நாலைந்து மாதத்தில் விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த விசா வேலை கொடுத்தவரைப் பிடித்துத் தொங்குகிறது. பொதுவாக ரெண்டு வருடத்துக்குப் போடுவார்கள், வேலை போனால் விசா ரத்து, அப்புறம் கொடுக்கிற சலுகை நாட்களுக்குள் இன்னொரு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் போட வேண்டும். ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஆறு மாதத்துக்கு மேல் வந்து உட்கார்ந்தால் சாதாரண விசா செல்லாமல் போய்விடும். இருபது வருடம் உழைத்தாலும் சாதாரண ஆட்களுக்குக் குடியுரிமை என்ற பேச்சில்லை. 10 வருட கோல்டன் விசாவைப் பற்றி அக்கா மகள் கேட்டாள். 2025இல் துபாய் ஹெல்த்தில் 15 வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நர்ஸ்களுக்குத் தருவதாக அறிவித்தார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் பதினைந்து வருடம் என்கிற இடத்தை ஒருமுறை திரும்பிப் படி என்றேன்.

வைத்தியத்துக்கு வருவோம். அபுதாபியில் 2000களின் நடுவிலும், துபாயில் 2013 சட்டத்துக்கு அப்புறமும் காப்பீடு கட்டாயம் ஆனது. ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட வடக்கு எமிரேட்டுகளில் தனியார் வேலைக்காரர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல்தான். நான் ஷார்ஜாவில் இருந்தபோது எங்கள் கம்பெனியில் காப்பீடு இல்லை. ஒரு ராத்திரி சிறுநீரகக் கல் வலி, தரையில் உருண்டேன், அறையில் இருந்த நாலு பேரும் பர்ஸைத் திறந்து எண்ணிக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டுதான் கிளினிக் வாசலை மிதித்தேன். இப்போது அந்த நிலை இல்லை. ஆனாலும் அட்டை இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது: எந்த நெட்வொர்க், எந்த ஆஸ்பத்திரி, கையிலிருந்து எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டும். துபாயின் அடிப்படைத் திட்டத்தில் வருடத்துக்கு 1,50,000 திர்ஹாம்தான் வரம்பு. துபாயில் வேலைக்காரருக்குக் காப்பீடு போடுவது முதலாளியின் கடமை, மனைவி, கணவன், பிள்ளைகளுக்குப் போடுவது அவர்களை ஸ்பான்சர் செய்கிறவரின் செலவு. இந்த இடத்தில்தான் பலருடைய தாள் கணக்கு உடைகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். சம்பளத்தில் வருமான வரி கிடையாது, வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, ரெண்டு வருடத்தில் அடைத்தாக வேண்டும் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் வளைகுடாவுக்கே போகலாம்.

ஜெர்மனி நேர் எதிர். இங்கே இருப்பு ஆவணத்துக்கு ஆணிவேர் முகவரி. வீட்டுக்குக் குடிவந்த ரெண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்குப் பெயர் அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிந்தால் வரி எண் தபாலில் வரும், அந்த எண்ணை வைத்துச் சம்பளம், அப்புறம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருப்பு அட்டைக்கு அப்பாயின்ட்மென்ட். ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் கண்ணி அறுந்தால் எல்லாம் நின்றுவிடும்.

எனக்கு அறுந்தது. வீடு கிடைத்தது, பதிந்தேன், மூன்று வாரமாக ஒரு கடிதமும் இல்லை. வங்கி அட்டை வரவில்லை, வரி எண் வரவில்லை, முதல் மாதச் சம்பளத்தில் வரி எண் இல்லாதவர்களுக்குப் பிடிக்கிற அதிகபட்ச வரியைப் பிடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கீழே இருந்த தபால் பெட்டிகளைக் காட்டினார். என் பெட்டியில் முன்பு குடியிருந்தவர் பெயர். ஜெர்மனியில் கதவு எண் பார்த்துத் தபால் போட மாட்டார்கள், பெயர் பார்த்துத்தான் போடுவார்கள். கொழிஞ்சாம்பாறையில் தபால்காரர் "இன்னார் மகன்" என்று எழுதியிருந்தாலே வீட்டுக்கு வந்துவிடுவார், நான் அந்த நினைப்பிலேயே இருந்திருக்கிறேன். அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் பெயர் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினேன். கூடுதலாகப் பிடித்த வரி பின்னால் திரும்பி வந்தது, அந்த ஒரு மாதம் மட்டும் ரொட்டியும் முட்டையுமாக ஓடியது. பதிந்த கையோடு வானொலிக் கட்டணம் என்று ஒரு கடிதமும் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வீட்டில் டி.வி. இல்லை என்று பதில் எழுதிப் பயனில்லை, கட்டிவிடுங்கள்.

காப்பீடு ஜெர்மனியில் எல்லோருக்கும் கட்டாயம். அரசுச் சட்டப்படி நடக்கிற காப்பீட்டு நிதிகள் ஒரு பக்கம், கிராங்கன்காஸ என்பார்கள். தனியார் காப்பீடு இன்னொரு பக்கம். முதல் வகையில் சம்பளத்தில் 14.6 சதவீதம் பொதுப் பங்கு, அதன்மேல் ஒவ்வொரு நிதியும் தன் கூடுதல் சதவீதத்தைப் போடும், மொத்தத்தில் பாதி முதலாளி, பாதி நாம். கேட்டதும் பகீர் என்று இருக்கும். ஆனால் அந்தப் பாதியில் வேலை இல்லாத துணைவரும் பிள்ளைகளும் ஒரு காசு கூடுதலில்லாமல் உள்ளே வந்துவிடுகிறார்கள். மருந்துக்கு 5 முதல் 10 யூரோ, ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளைக்கு 10 யூரோ, அதுவும் வருடத்தில் 28 நாள் வரைக்கும்தான். படுக்கையில் விழுந்தால் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும், அதற்கு மேல் நிதி ஒரு பங்கு தரும். எமிரேட்டுகளில் தகுதிகாண் காலம் முடிந்த பிறகு வருடத்துக்கு 90 நாள் நோய் விடுப்பு, அதில் 15 நாள்தான் முழுச் சம்பளம், 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளமே இல்லை. ஜெர்மனியில் குறை என்னவென்றால் காத்திருப்பு. தோல் மருத்துவரைப் பார்க்க எனக்கு நாலு மாதம் ஆனது. அதே அரிப்புக்கு லீவில் வந்து கோயம்புத்தூரில் ஒரே சாயங்காலத்தில் மருந்து வாங்கினேன்.

தனியார் காப்பீட்டுக்கு ஏஜென்ட் வந்து உட்காருவார், எனக்கும் வந்தார். வயது குறைவு, நோய் இல்லை, மாதத்துக்கு இவ்வளவுதான், டாக்டர் உடனே பார்ப்பார் என்றார். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் ஆளுக்குத் தனித்தனிப் பணம், வயது ஏற ஏற ஏறும், 55 வயதுக்கு மேல் அரசு வகைக்குத் திரும்புவது கிட்டத்தட்ட முடியாது. வேலைக்காரர் தனியாருக்குப் போக வேண்டுமானால் வருடச் சம்பளம் 2025இல் 73,800 யூரோவையும், 2026இல் 77,400 யூரோவையும் தாண்ட வேண்டும். நர்ஸ் சம்பளம் அங்கே எட்டாது, ஆகவே அக்கா மகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. ஆனால் விசாவுக்கு மலிவாக விற்கிற பயணக் காப்பீட்டை எடுத்துக்கொண்டு இதுவே போதும் என்று இருந்துவிடக் கூடாது, அது வந்து சேரும் வரைக்கும்தான்.

ஜெர்மனியின் உண்மையான விலை மொழி. நர்ஸாக அங்கீகாரம் வாங்கப் பொதுவாக பி2 ஜெர்மன் (ஏ1, ஏ2, பி1 தாண்டி நாலாவது படி) வேண்டும், ஒரு வருடமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். அப்புறம் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு இன்னின்ன பாடம் குறைகிறது என்று ஒரு கடிதம் தருவார்கள், அதற்கு அந்தக் குறையை நிரப்புகிற பயிற்சியோ தேர்வோ. அது முடியும் வரை உதவியாளர் சம்பளம்தான், ஐ.சி.யூ.வில் மூன்று வருடம் நின்றவள் மறுபடி படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியிருக்கும். இதைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும், போன பிறகு தெரிந்து அழுவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

இந்தக் கட்டம் தாண்டினால் காகிதம் மெதுவாக நம் கைக்கு வருகிறது. தகுதி பெற்ற தொழிலாளர் அனுமதியில் மூன்று வருடம், 36 மாத ஓய்வூதியப் பங்கு, பி1 மொழி இருந்தால் நிரந்தர இருப்புக்கு விண்ணப்பிக்கலாம். அங்கீகாரத்துக்காகக் காத்திருந்த காலம் வேறு வகை அனுமதி, இந்த மூன்று வருடத்தில் சேராது. ஐந்து வருடத்தில் குடியுரிமையும் கேட்கலாம், ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டையோடுதான் ஊருக்கு வர வேண்டும்.

அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று அக்காவே உள்ளேயிருந்து கேட்டாள். 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதல் அனுமதி வாங்கிய தகுதியுள்ள தொழிலாளர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ள ஒரு வழி திறந்தார்கள், அது பல பேருக்கு ஆசை காட்டியது. ஆனால் அவர்களுக்கு முழுக் காப்பீடு காட்ட வேண்டும். அரசு வகையின் குடும்பக் காப்பீட்டில் பெற்றோர் வர மாட்டார்கள். சர்க்கரை வியாதியுள்ள ஐம்பத்தெட்டு வயதுக்காரரைத் தனியார் லேசில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், சேர்த்தால் கேட்கிற தொகை நெஞ்சை அடைக்கும். விசிட் விசாவில் மூன்று மாதம் வந்து பனியைப் பார்த்துவிட்டுப் போகலாம், அதுதான் நடக்கிற காரியம். "பனியப் பாத்து நா என்ன பண்றது" என்று அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இங்கிலாந்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நர்ஸுக்கு ஹெல்த் அண்ட் கேர் விசா என்றால் மற்றவர்கள் வருடத்துக்கு 1,035 பவுண்டு கட்டுகிற சுகாதாரக் கட்டணம் இல்லை, கூட வரும் குடும்பத்துக்கும் இல்லை. போய் இறங்கி, பக்கத்து ஜி.பி. என்கிற பொது மருத்துவரிடம் இலவசமாகப் பதிந்துகொண்டால் வைத்திய அட்டை விவகாரம் முடிந்தது. மூன்று நாட்டில் இதில் தலைவலி குறைவு இங்கேதான். இருப்பு ஆவணம் இப்போது அட்டைகூட இல்லை, இணையக் கணக்கு, வீட்டுக்காரர் அதைச் சரிபார்க்க ஷேர் கோடு என்கிற எண் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கும் ஸ்பான்சரைப் பிடித்துத் தொங்குகிறது. வேலை போனால் பொதுவாக 60 நாளில் இன்னொரு ஸ்பான்சர். ஐந்து வருடத்தில் நிரந்தர இருப்பு என்பதை நம்பித்தான் தம்பி போனான், 2025இல் அரசு அதைப் பொதுவாகப் பத்து வருடமாக்கும் திட்டத்தை முன்வைத்ததிலிருந்து போனில் அவன் பேசுவது அதைப் பற்றித்தான். இன்னொன்று, முதியோரையும் முடியாதவர்களையும் கவனிக்கிற கேர் ஒர்க்கர் வேலை என்று யாராவது பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்: அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டார்கள். நர்ஸ் வேலை வேறு, கேர் ஒர்க்கர் வேறு, ஏஜென்ட்டுகள் ரெண்டையும் ஒரே வாயில் சொல்வார்கள்.

இதெல்லாம் பேசி முடித்துவிட்டு அவளுடைய ஃபோல்டரைத் திறந்தோம். உண்மையான வேலை அங்கேதான் இருந்தது. பிளஸ் டூ வரை கேரளச் சான்றிதழ், பட்டம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம், நர்ஸிங் கவுன்சில் பதிவு சென்னை. எந்த மாநிலம் கொடுத்ததோ அந்த மாநிலத்தில்தான் சான்றிதழ் உண்மை என்று முத்திரை வாங்கும் அட்டெஸ்டேஷன், ஆக அவளுக்கு ரெண்டு மாநிலம். எமிரேட்டுகளுக்கு என்றால் அதற்கு மேல் வெளியுறவுத் துறை, அப்புறம் அவர்கள் தூதரகம். வெளிநாட்டில் காட்டுவதற்காகச் சான்றிதழில் போடுகிற அப்போஸ்டில் என்ற முத்திரை ஒன்று உண்டு, ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை, ஆகவே அந்த முத்திரைக்குக் காசு கட்டுவதற்கு முன் சான்றிதழ் கேட்கிற ஜெர்மன் அலுவலகத்திடம் எது வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு சௌகரியமும் இருக்கிறது. கேரளத்தில் குடியிருப்பதால் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பான நோர்க்கா வழியாக, நர்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்புகிற ட்ரிபிள் வின் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம், 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது, தேர்வானவர்களிடம் ஏஜென்ட் கமிஷன் என்று எதுவும் வாங்குவதில்லை, மொழிப் பயிற்சியும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரம் தாண்டி இருக்கிறவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் இருக்கிறது. ரேஷன் கார்டு எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தக் கதவைத் தட்டுங்கள்.

அவளுக்கு நான் சொன்னது இது. வீட்டில் அவசரக் கடன் இல்லை, வயது இருபத்தைந்து, கல்யாணத்துக்கு ரெண்டு வருடம் பொறுக்கலாம் என்று அக்காவே சொல்கிறாள். அப்படியென்றால் ஜெர்மனி. ஏ1 வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் பார், மொழி ஏறவில்லை என்றால் டி.எச்.ஏ. தேர்வுக்குத் திரும்பு, அதில் வெட்கமில்லை. ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் ஏற்கெனவே தேறியிருந்தால் இங்கிலாந்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன், அவள் இன்னும் எழுதவில்லை.

அவள் தலையாட்டிக்கொண்டே தாள்களை அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் முருகேசன், நடுவில் ஆங்கில எழுத்து கே. மலையாளத்தில் எழுதியதை யாரோ அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டத்தில் அதே பெயர், நடுவில் ஜி. பாஸ்போர்ட்டில் ஜி, ஆதாரில் கே. எந்த நாடானாலும் முதல் அலுவலகத்திலேயே இது ரெண்டு ஆள் என்று திருப்பி அனுப்புவார்கள். வில்லேஜ் ஆபீசில் "ஒன் அண்ட் சேம்" சர்டிபிகேட் கொடுப்பார்கள், ரெண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று. திங்கட்கிழமை பத்து மணிக்கு அங்கே நிற்கிறோம், பாஸ்போர்ட்டும் பள்ளிச் சான்றிதழும் அசல், ஒவ்வொன்றுக்கும் ரெண்டு நகல்.